வழிக்காவல்: நிலுவைப் பத்தி

காரைக்குடி கோர்ட்டிலிருந்து
தேவகோட்டைக் கிளைச்சிறைக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
ரஸ்தாவில் கேட் போட்டிருந்தாலும்
முக்கால் மணி போதும்.
மே பதினாறு, வண்டி எண் மூன்று.
புறப்பாடு 1.40, வருகை 5.05.
ஏற்றியது: அடைக்கலம் மற்றும் 1.
குறிப்பு: பஞ்சர்.

நான் தணிக்கைப் பிரிவு.
டீசலைக் கிலோமீட்டரால் வகுப்பது என் வேலை.
ஆட்களுக்கான கட்டம் என் படிவத்தில் கிடையாது.
பஞ்சர் ஒட்டிய ரசீது எங்கே என்று கேட்டுவைத்தேன்.
வேறொன்றும் நினைக்கவில்லை அப்போது.

"வண்டியும் காவலும் காண்ட்ராக்ட் விட்டாச்சே" என்றது துறை.
"டெண்டர்தான் நம்ம பேர்ல, ஆள் போடுறது ஏஜென்சி"
என்றார் காண்ட்ராக்டர், எனக்கு மோர் சொல்லிவிட்டு.
ஏஜென்சியின் விலாசத்தில், செக்காலை ரோட்டில்,
ஒரு ரீசார்ஜ் கடை இருந்தது.
கடைப் பையன் நல்லவன். தபால் வந்தால் வாங்கி வைப்பானாம்.
வாங்கி வைத்ததைக் காட்டினான்:
மூன்று நோட்டீஸ், உறை பிரிக்காமல்.

மீட்டர் மட்டும் யாரையும் கை காட்டவில்லை.
நாற்பத்தாறு என்றது.

டிரைவர் சாத்தையாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
அதனால் அவரிடம் உண்மை மலிவாகக் கிடைத்தது.
"பஞ்சருமில்ல கிஞ்சருமில்ல மேடம்.
முதலாளிக்குப் பாத்திர வாடகைத் தொழிலும் உண்டுல்ல?
கானாடுகாத்தான்ல ஒரு சாந்திக் கலியாணம்.
ரெண்டு அண்டா குறையுதுன்னு போன் வந்துச்சு.
ஆளோட அண்டாவையும் ஏத்திக்கிட்டுத் திருப்பிட்டேன்."

அண்டா இறங்கியது. சாத்தையாவும் இறங்கினார்.
நீலச் சட்டைக் காவலர் இருவரையும்
யாரோ கைபிடித்துப் பந்திக்கு அழைத்தார்கள்.
மறுக்க முடியுமா, சாந்திக் கலியாணம்.

வெளிப்பூட்டு. மே வெயில். தகரக் கூரை.
இறக்காமல் விட்ட ஒரு குண்டான் உள்ளே.
அதை விலங்கால் தட்டியிருக்கிறான் மற்றும் 1.
வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டது.
சமையல் நடக்கிறது என்று நினைத்தார்களாம்.

சிறை வாசலில் கையொப்பம்:
"இருவர் பெறப்பட்டனர். எண்ணிக்கை சரி."
ஒருவரைத் தூக்கி இறக்கியதை எழுத இடமில்லை.
சிவகங்கை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
கிணற்று மோட்டாரைத் திருடியதாகச் சொல்லப்பட்ட வழக்கு,
எதிரி இறந்துபோனதால், முடித்துவைக்கப்பட்டது.

ஒப்பந்தத்தை இரண்டுமுறை படித்தேன்.
கண்ணாடி உடைந்தால் எவ்வளவு, சீட் கிழிந்தால் எவ்வளவு,
தாமதத்துக்கு ஐநூறு.
ஐநூறை மறுநாளே கட்டியிருக்கிறார். ஒழுங்கான மனிதர்.

என் வரம்பில் வந்தது இருபத்தெட்டு கிலோமீட்டர்.
மூன்றரை லிட்டர்.
முந்நூற்று இருபத்தைந்து ரூபாய் ஐம்பது காசு, வசூலிக்கவும்.
அதன் கீழே இன்னொரு வரி:
மற்றும் 1 என்பவர் யார்?
மேலதிகாரி அடித்துவிட்டார்.
"நம்ம சப்ஜெக்ட் இல்லம்மா" என்றார், அன்பாகத்தான்.

ஐந்தொகையில் காலணா உதைத்தால்
விடிய விடிய விளக்கெரித்த ஊர் இது.
எனக்கு உதைப்பது ஓர் ஆள்.

ஆடியில், ஜாமீனில் வெளிவந்து, அவனே ஆபீசுக்கு வந்தான்.
மணிக்கட்டுத் தழும்பை நான் பார்த்ததை
அவன் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
"எம்பேரு எங்கயாச்சும் இருக்கான்னு..."
நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.
எழுத்துக்கூட்டித் தேடினான், கடைசி வரிவரை.

பிறகு அவன் சொல்ல, நான் எழுதினேன்,
பதில் வரும்வரை ஆண்டுதோறும் மேலே வரும் பத்தியில்,
யாரும் அடிக்க முடியாத இடத்தில்:
கோ. வெள்ளைக்கண்ணு, வயது இருபத்தாறு, புதுவயல்.
மூன்றரை லிட்டர் டீசலுக்குச் சாட்சி.